பெண்கள் தட்டில் கிடந்த அட்டை

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், அகரத்துப் பக்கம் இருக்கும் எங்கள் சபையின் சாமான் அறையில் நடந்தது இது. அப்போது என் கையில் ஒரு விளக்குமாறு இருந்தது. அதை வைத்து யாரையும் அடிக்காமல் வீடு திரும்பினேன் என்பதுதான் என் கிறிஸ்தவ வாழ்க்கையிலேயே பெரிய சாதனை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பொறுமையைப் பற்றிய அனுபவம்தான் இது. ஆனால் கோபத்தோடுதான் எழுத வருகிறது.

எனக்குச் சின்ன வயசிலிருந்து ஒரே ஆசை, பஸ் ஓட்ட வேண்டும். அகரத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் பள்ளிக்கூடம் போகும்போது, டிரைவருக்கு இடப்பக்கம் இன்ஜின் பெட்டியை ஒட்டிய சீட்டுக்குத்தான் அடித்துப் பிடித்து ஓடுவேன். மற்ற பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். நான் டிரைவரின் காலையும் கையையும் பார்ப்பேன். எப்போது கிளட்சை மிதிக்கிறார், எப்போது கியர் மாற்றுகிறார் என்று எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டை ரெண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருப்பேன். அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிறு பள்ளியில் ஒருநாள் டீச்சர் எல்லாரையும் அவரவர் ஜெபக் குறிப்பைச் சொல்லச் சொன்னார். ஒருத்தி டாக்டர் ஆக வேண்டும் என்றாள், ஒருத்தி கலெக்டர். நான் பஸ் டிரைவர் என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு ஆரம்பித்த ஜெபம், கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை பெற்று மில் வேலைக்குப் போன பிறகும் நிற்கவில்லை. பஸ் ஓட்ட வேண்டும் என்று தினமும் முழங்கால் போட்டவள் திண்டுக்கல் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நூல் மில்லில் வேலை. காலை ஷிப்டுக்கு மில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதிலும் டிரைவர் பக்கத்து சீட்டுதான் எனக்கு. பல வருஷம் கேட்டுக் கேட்டு, கடைசியில் வீட்டுக்காரர் ஒருநாள் மனசு இறங்கினார். அவர் டவுனில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். புது வருஷம் பிறந்ததும் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துகொள் என்றார். ஃபாரம்கூட வாங்கி வந்து பூர்த்தி செய்து வைத்துவிட்டேன்.

இங்கே எங்கள் சபை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். சின்னச் சின்ன அட்டைகளில் ஒவ்வொரு வசனம் அச்சடித்து, தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்கென்று கொடுத்த வார்த்தை அது. வியாபாரம் தொடங்குவது, வீடு கட்டுவது, பெண்ணைக் கட்டிக்கொடுப்பது எல்லாவற்றுக்கும் அந்த அட்டையைத்தான் பார்ப்போம். நாற்பது நாள் ஜெபிக்கும்வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று எங்கள் சபையில் ஒரு ஒழுங்கும் உண்டு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதால் தட்டும் ரெண்டு.

அந்தப் புது வருஷத்தில் எனக்கு வந்த அட்டை, கர்த்தருக்காகக் காத்திரு என்று சொல்லும் வசனம்.

ஃபாரத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். வருத்தம்தான், ஆனால் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இத்தனை பேரில் என் ஆசையைத் தெரிந்து, எனக்கென்று நேராகப் பதில் சொல்லியிருக்கிறாரே என்று. வீட்டுக்காரரிடம் நாற்பது நாள் கழித்து அட்டையைக் காட்டினேன். ஆண்டவரே வேண்டாம் என்னும்போது தான் என்ன சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அட்டையைப் பீரோக் கதவில் பசை போட்டு ஒட்டினேன்.

அடுத்த வருஷமும் அதே வசனம் வந்தது. ஆண்டவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்றால் எவ்வளவு முக்கியமான விஷயம் என்று யோசித்துக்கொண்டேன். அந்த வருஷம்தான் மில்லில் ஒரு அறிவிப்பு வந்தது. வேலை பார்க்கும் பெண்களில் விருப்பம் உள்ளவர்களுக்கு மில்லே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துத் தரும் என்று. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, யாராவது வருகிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். என் கை தானாக மேலே போனது. தோள் உயரம் போனதும் பீரோக் கதவு ஞாபகம் வந்தது. கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டேன். வேடசந்தூர்க்காரி ஒருத்தி எழுந்து பெயர் கொடுத்தாள். அவளுக்கு பஸ் என்றால் சின்ன வயசிலிருந்து பயமாம்.

மூன்றாவது வருஷமும் அதேதான். மூன்று அட்டை, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. இனி என்ன சந்தேகம்? சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். மில்லே கூப்பிட்டும் போகவில்லை, மூன்று வருஷமாக ஆண்டவர் காத்திருக்கச் சொல்கிறார், கீழ்ப்படிந்து காத்திருக்கிறேன் என்று பேசினேன். சபையே ஆமென் சொன்னது. அதில் சபைச் செயலாளரின் ஆமென்தான் பெரிய சத்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது, எனக்குப் பின்வரிசையில் உட்காரும் தோழி ஒருத்தி கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள், ரெண்டு வருஷமாக அவளுக்கும் அதே வசனம்தான் வருகிறதென்று. அவளும் என் மில்தான், என்னைவிடச் சின்னவள். புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். கொடைரோட்டில் இருக்கும் அவள் அண்ணன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டார். இவள் போகவில்லை. காரணம் அந்த அட்டை. அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பாரு, ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை, ஆண்டவர் உறுதிப்படுத்துகிறார் என்றேன். அந்த வாயை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஈஸ்டருக்காகப் பெண்கள் சேர்ந்து சபையைச் சுத்தம் செய்தோம். சாமான் அறை என் பங்கு. கிறிஸ்துமஸ் குடில் சாமான்களை நகர்த்தியபோது பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. எலி கடித்திருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட கட்டுக்கட்டாக வாக்குத்தத்த அட்டைகள். மேல் கட்டை எடுத்தேன், என் வசனம். பிரித்துப் பார்த்தேன், அடுத்ததும் அதே. கட்டு முழுக்க அதே. அடுத்த கட்டும், அதற்கு அடுத்ததும் என் பீரோக் கதவில் இருப்பதுதான்.

செயலாளர் வாசலில் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன மனிதர். சபைக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து புளிசாதம் கிண்டுவது வரை அவர்தான் பார்ப்பார். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பெட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"அதாம்மா? பிரஸ்காரன் ஒரே வசனத்தைக் கட்டுக்கட்டா அடிச்சு வச்சிட்டான். வேத வசனத்தைக் குப்பையிலயா போட முடியும்? வருஷம் கொஞ்சமா நம்ம பொம்பளைங்க தட்டுல கலந்து விட்டுக்கிட்டிருக்கேன்."

ஆண்கள் தட்டில் கலக்கவில்லையா என்று கேட்டேன்.

"அவங்களுக்குத் தொழில் கிழில்னு இருக்குல்ல. தைரியம் சொல்ற வசனமா இருந்தாத்தான் நல்லது. இது பொறுமையப் பத்தின வசனம். பொம்பளைங்களுக்குப் பொருத்தமாத்தானம்மா இருக்கு?"

இதைச் சொல்லிவிட்டு வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கொஞ்சம்கூட மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் சாட்சி சொன்ன அன்று அவ்வளவு சத்தமாக ஆமென் சொன்னாரே, அந்த அட்டை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துதான் சொன்னார்.

"அண்ணே, நான் ஜெபம் பண்ணிட்டு எடுத்தேண்ணே" என்றேன்.

"ஜெபம் பண்ணி எடுத்தா எது வந்தாலும் தேவ வார்த்தைதாம்மா" என்றார்.

விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். வீடு வரை நடந்தது ஞாபகமே இல்லை. வந்ததும் பீரோக் கதவில் இருந்த மூன்று அட்டையையும் கத்தியால் சுரண்டினேன். பசை கெட்டியாகப் பிடித்திருந்தது, பெயிண்டோடு சேர்ந்து வந்தது. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது, சண்டை. அவர் கலந்து வைத்ததை நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர், மில்லில் கை தூக்கினேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். இருபது வருஷத்துக்கும் மேலாக தினமும் உம் காலடியில் வந்து நிற்கிறவளுக்கு பிரஸ்காரன் மிச்சம்தானா கிடைத்தது என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சத்தம் போட்டு ஓய்ந்த பிறகு, அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. என் முட்டாள்தனங்களிலேயே பெரியது இதுதான். மூன்று வருஷமாக அந்த அட்டைக்குத் தினமும் முன்னால் நிற்கிறேன், ஒருநாள்கூட வேதத்தைத் திறந்து மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்தேன். அட்டையில் இருந்தது பாதி வசனம். சின்ன அட்டை, இடம் போதவில்லை போல. மிச்சப் பாதி மனசைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த அதிகாரம் முழுக்கவே எதிரிகளுக்கு நடுவில் பயப்படாமல் நிற்கிற ஒருவர் பேசுவது. கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்காருகிறவர் பேச்சு அதில் ஒரு வரியும் இல்லை.

பிரஸ்காரன்மேல் கோபம், செயலாளர்மேல் கோபம், கடவுள்மேல் கோபம் எல்லாம் போய், அப்போது என்மேல் வந்தது பாருங்கள் ஒரு கோபம், அதுதான் நிஜம். பயந்திருக்கிறேன். டிரைவிங் ஸ்கூலில் ஆண்களுக்கு நடுவில் போய் நிற்கப் பயம். ஊர் சிரிக்கும் என்று பயம். அந்த அட்டை வந்தபோது வருத்தத்துக்குக் கீழே கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதை ஆண்டவர் பெயரில் ஒட்டி வைத்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். பீரோக் கதவில் பெயிண்ட் போன மூன்று இடத்தையும் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எப்பச் சேரப் போற?" என்றார்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. தோழியிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டுகிறாள், அதையும் பிடுங்குவதா என்று. திங்கட்கிழமை காலை மில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கன்னத்தில் புதுசாக ஒரு வீக்கம். சொல்லிவிட்டேன். சாமான் அறை, பெட்டி, பெண்கள் தட்டு எல்லாம். அவள் அழவில்லை. சாப்பாட்டுப் பையை ரெண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அம்புட்டு அடியும் வாங்கிக்கிட்டு இருன்னு சொன்னது ஆண்டவர் இல்லையாக்கா?"

பஸ் வந்தது, ஏறினோம். அந்த மாதமே அவள் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொடைரோட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ரெண்டு பஸ் மாறி மில்லுக்கு வந்து போனாள்.

நான் டவுனில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் பேகம்பூர் பக்கத்து பாய். என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். சாவி திருப்பும்போதெல்லாம் பிஸ்மில்லா சொல்வார், நான் என் பங்குக்கு இயேசப்பா என்பேன். முதல் வாரம் நான் வண்டியை ஓட்டவில்லை, உதைத்தேன். ஒவ்வொரு தடவை கிளட்சை மிதிக்கும்போதும் மைக் வயர் சுற்றும் கை கண்ணில் தெரியும்.

"கோவத்தைக் காலுல காட்டாதீங்கக்கா, கிளட்ச் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் பாய்.

கார் லைசென்ஸ் வந்தது. பஸ்ஸுக்கு உரிய ஹெவி லைசென்ஸ் வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு வருஷம் கழிய வேண்டும், அதுதான் சட்டம் என்றார் பாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. திரும்பவும் காத்திரு! ஆனால் இந்தத் தடவை நான் காத்திருந்த விதமே வேறு. லீவு நாளெல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் அகரத்துப் பூ மூட்டைகளை ஏற்றி டவுன் பூ மார்க்கெட்டுக்கு ஓட்டினேன். தாடிக்கொம்பு கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் ஒருத்தர் கால் விரலும் மிதிபடாமல் வண்டியை வெளியே எடுத்த அன்றுதான் எனக்கே என்மேல் நம்பிக்கை வந்தது. முந்தின மூன்று வருஷத்தில் நான் காத்திருக்கவில்லை, சும்மா கிடந்தேன். காத்திருந்தது இந்த ஒரு வருஷம்தான்.

ஹெவி டெஸ்டில் முதல் தடவை தோற்றேன். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது பஸ் பின்னால் உருண்டுவிட்டது. டெஸ்ட் எடுத்த அதிகாரி, வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தீர்களா என்று கேட்டார். எனக்கு முன்னால் தோற்ற ரெண்டு ஆண்களிடம் அவர் அப்படிக் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அடுத்த தடவைக்குள் பாயைப் பாடாய்ப் படுத்தி மேட்டிலேயே பழகினேன். ஜெயித்தேன்.

மில்லில் போய்க் கேட்டபோது, அன்றைக்குக் கூப்பிட்டபோது வராமல் இப்போது வருகிறாயே என்றார் மேனேஜர். லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கொடைரோட்டிலிருந்து புதிதாக ஒரு ரூட் விட்டிருந்தார்கள். விடியற்காலையில் காலி வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிப் போக வேண்டும் என்பதால் பழைய டிரைவர்கள் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் வேண்டாத ரூட், அதனால் எனக்குக் கிடைத்தது. பரவாயில்லை, ஸ்டீயரிங் எல்லா ரூட்டிலும் ஒன்றுதான்.

சபைக் கமிட்டியிலும் இந்த விஷயத்தைக் கேட்டேன். சின்ன விஷயத்தைப் பெரிசாக்குகிறேன் என்றார்கள் சிலர். பொறுமை போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்கள் சிலர். கடைசியில் இனி ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே தட்டு என்று முடிவு செய்தார்கள். அந்தப் பெட்டியை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இந்தப் புது வருஷத்தன்றும் மில் ஓடியது. ஷிப்டு ஏற்றி இறக்கிவிட்டு, காக்கிச் சட்டையோடு சபைக்கு ஓடினேன். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் செயலாளர் தட்டோடு நின்றார். "எடும்மா, இந்த வருஷம் எல்லாம் கலந்துதான் இருக்கு" என்றார். பாவம், வயசாகிவிட்டது. அப்போதும் எனக்கு இரக்கம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"எனக்கு வேணாம்ணே. வீட்டுல வேதமே முழுசா இருக்கு, நான் அதுல படிச்சுக்கிறேன்" என்றேன்.

ஜெபத்தை நான் விடவில்லை. ஆண்டவரோடு அன்றைக்குப் போட்ட சண்டைக்குப் பிறகு அவரிடம் பேசுவது முன்னைவிடச் சுலபமாக இருக்கிறது. யாராவது ஒரு பெண்ணிடம், பொறுத்துக்கோ, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வது காதில் விழுந்தால் மட்டும் என்னால் சும்மா போக முடிவதில்லை. உங்களுக்கு அப்படி யார் சொன்னது என்று நின்று கேட்டுவிடுகிறேன். வாயாடி என்று பெயர் வாங்கியாயிற்று.

தினமும் காலையில் கொடைரோட்டில் முதல் ஆளாக என் தோழிதான் ஏறுகிறாள். நான் அந்தக் காலத்தில் உட்கார்ந்த அதே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் கை கியர் போடுவதைப் பார்த்துக்கொண்டு வருவாள். அவள் பஸ் நிறுத்தத்தில் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. என் ஆசையை ஆண்டவர் நிறைவேற்றினார் என்று நான் சாட்சி சொல்ல எழும்போதெல்லாம் அந்தக் கேள்வியையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வீணாய்ப் போனது மூன்று வருஷம்தான், அவள் அந்த அட்டையை நம்பி வாங்கிய அடியை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.